தலையெழுத்தா? உழைப்பா? பங்குப் பத்திரமா?

சென்ற மாதம் ஒரு கூட்டத்தை முடித்துக்கொண்டு இரவு பஸ்ஸுக்காக ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அங்கே ஒரு வாலிபர் காதில் பெரிய ஹெட்போன் ஒன்றை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர், “தம்பி, அது என்ன விலை?” என்று கேட்டார். வாலிபர் விலையைச் சொன்னதும் பெரியவர் திடுக்கிட்டுப் போனார். அதற்கு மேல் வாலிபர், “இதை ஆரம்பித்தவர் அமெரிக்காவில் ஒரு கறுப்பர். டாக்டர் டிரே என்று பெயர். பாட்டுக்கு இசை கட்டுகிறவர். ஏழை ஊரில் பிறந்து இன்று பெரிய கோடீஸ்வரர்” என்றார்.

பெரியவர் உடனே, “எல்லாம் தலையெழுத்தப்பா, சுக்கிர திசை அடித்தால் கூரைவீட்டுக்காரனும் மாடி ஏறுவான்” என்றார். வாலிபர் சிரித்துவிட்டு, “அதெல்லாம் பழங்கதை ஐயா, உழைப்புதான் காரணம். உழைத்தால் நானும் அப்படி ஆகலாம், யாரும் ஆகலாம்” என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

பெரியவர் சொன்னது மூடநம்பிக்கை என்பதை நமது வாசகர்களுக்கு நாம் எடுத்துக்காட்ட வேண்டியதில்லை. ஆனால் வாலிபர் சொன்னதும் ஒரு மூடநம்பிக்கையே என்று நாம் சொன்னால் அநேகருக்குக் கோபம் வரும். வந்தாலும் சரி, அதைச் சொல்லத்தான் இதை எழுதுகின்றோம்.

ஜாதகம் என்ன சொல்லும்?

இந்த டாக்டர் டிரே மருந்து கொடுக்கும் டாக்டர் அல்ல. அவரது சொந்தப் பெயர் ஆன்ட்ரே யங். 1965ஆம் ஆண்டு பிப்ரவரி 18ந் தேதி, அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடுத்த காம்ப்டன் என்ற ஊரில் பிறந்தார். அதே நாளில், அதே நாழிகையில், அதே சுற்றுவட்டாரத்தில் வேறு குழந்தைகளும் பிறந்திருக்குமல்லவா? அவைகளுக்கும் அதே சூரியன், அதே சந்திரன், அதே சுக்கிரன்தானே? அந்தக் குழந்தைகளெல்லாம் ஏன் கோடீஸ்வரர்களாகவில்லை? இதற்குச் சோதிடர் பதில் சொல்லட்டும்.

கிரகத்தைப் பார்ப்பதை விட்டு ஊரைப் பார்த்தால் கொஞ்சம் விஷயம் விளங்கும். காம்ப்டன் ஒரு காலத்தில் வெள்ளையர் ஊர். கறுப்பருக்கு வீடு விற்கக்கூடாது என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதிவைத்திருந்த ஊர். அப்படிப்பட்ட நிபந்தனையைக் கோர்ட்டுகள் அமுல் நடத்த முடியாது என்று அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் 1948இல் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் கறுப்பர்கள் மெள்ள மெள்ள அங்கே குடியேறினார்கள். ஆன்ட்ரே ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போது, 1965 ஆகஸ்டில், பக்கத்து வாட்ஸ் பகுதியில் போலீஸாரின் கொடுமையை முன்னிட்டுப் பெருங்கலகம் மூண்டு 34 பேர் மாண்டார்கள். அதன் பின் காம்ப்டனில் எஞ்சியிருந்த வெள்ளையர்கள் வீட்டைக் காலிசெய்துகொண்டு போனார்கள். அவர்களோடு கடைகளும் வரிப்பணமும் போயின. பக்கத்து சவுத் கேட் ஊரில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிழைப்புக் கொடுத்த பயர்ஸ்டோன் டயர்த் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் கார் தொழிற்சாலை 1982இல் மூடப்பட்டது.

வாலிபத் தோழரை நாம் ஒன்று கேட்கின்றோம். டயர்த் தொழிற்சாலையில் இருபது வருஷம் கொதிக்கும் ரப்பரோடு மாரடித்தவன் உழைக்கவில்லையா? அவன் ஏன் கோடீஸ்வரனாகவில்லை? கோடி வேண்டாம், அவனுக்கு இருந்த வேலையாவது ஏன் நிலைக்கவில்லை? உழைப்புதான் பணமாகிறது என்றால் உலகத்திலுள்ள பணமெல்லாம் இந்நேரம் தோட்டியிடமும் கல்லுடைப்பவனிடமும் களையெடுக்கும் பெண்ணிடமும் அல்லவா இருக்கவேண்டும்?

வித்தையைக் கண்டவனும் விற்றவனும்

ஆன்ட்ரே யங் கற்ற வித்தைக்கு ஹிப்-ஹாப் என்று பெயர். அது எப்படிப் பிறந்தது? 1973 ஆகஸ்ட் 11ந் தேதி நியூயார்க் நகரத்துப் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்கு வீட்டில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பையன் ஒருவன் தன் தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டு வைத்தான். அவன்தான் பின்னர் கூல் ஹெர்க் என்று பெயர்பெற்றவர். பாட்டில் வாய்ப்பாட்டு நின்று, மேளம் மட்டும் தனித்து ஒலிக்கும் இடம் வந்தால் வாலிபர்கள் குதித்து ஆடுவதை அவர் கவனித்தார். அந்த இடமோ சில விநாடிதான். ஆகவே ஒரே தட்டில் இரண்டு பிரதிகளை இரண்டு கருவிகளில் வைத்து, ஒன்று முடிந்ததும் மற்றதைத் தொடக்கி, அந்தச் சில விநாடியைப் பல நிமிஷமாக நீட்டினார். இதற்கு எந்தச் சரஸ்வதியும் வந்து வரம் கொடுக்கவில்லை. எதிரே ஆடிய மனிதர்களின் கால்களைக் கவனித்ததால் வந்த புத்தி அது.

இந்த வித்தையின் தந்தை என்று உலகமே கொண்டாடும் அந்தக் கூல் ஹெர்க், 2011ஆம் ஆண்டில் சிறுநீரகக் கல்லினால் அவதிப்பட்டார். மருத்துவக் காப்பீடு இல்லாததால் சிகிச்சைச் செலவுக்கு ரசிகர்களின் உதவியை நாடவேண்டியதாயிற்று. அதே 2011இல்தான் டாக்டர் டிரேயின் ஹெட்போன் கம்பெனியில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்கைத் தைவான் நாட்டு எச்.டி.சி. கம்பெனி 30 கோடியே 90 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிற்று. தோழர்களே! இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தையைக் கண்டுபிடித்தவருக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணமில்லை. வித்தையை விற்கும் வழி கண்டவருக்குக் கோடிக்கணக்கில் பணம். இதில் யார் கடினமாக உழைத்தார்கள் என்ற கேள்வி எங்கே வருகிறது?

டிரேயின் பள்ளிக்கூடம்

நிற்க. டாக்டர் டிரேயின் திறமையை நாம் குறைத்துப் பேச வரவில்லை. சினிமாவில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர் என்று நமக்குத் தெரியும். ஹிப்-ஹாப் இசையில் தயாரிப்பாளர் என்றால் அப்படியல்ல. தாளத்தையும் மெட்டையும் கருவிகளில் கட்டி, பாடுகிறவனை நிறுத்தி, திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, ஒலியை இழைத்துச் செதுக்கி முடிப்பவர். அந்த வேலையில் டிரேயின் காது தட்டானின் தராசைப் போன்றது. அணுவளவு பிசகினாலும் மறுபடி பதிவு செய்யச் சொல்லுகிறவர். தமக்குத் திருப்தியில்லையென்றால் வெளியிடவே மாட்டார். 1999இல் ஒரு தொகுப்பு வெளியிட்டவர் தமது அடுத்த தொகுப்பை வெளியிட்டது 2015இல்.

ஆனால் இந்தக் காது அவருக்கு 1988இலும் இருந்தது. அந்த ஆண்டு அவரும் நண்பர்களும் என்.டபிள்யூ.ஏ. என்ற குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊர்ப் பெயரைத் தலைப்பில் வைத்து ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். போலீஸாரின் அக்கிரமத்தைப் பச்சையாகப் பாடினார்கள். வானொலிகள் பெரும்பாலும் ஒலிபரப்ப மறுத்தன. 1989இல் அமெரிக்க எப்.பி.ஐ. இலாகாவிலிருந்தே அவர்களுடைய விநியோகக் கம்பெனிக்கு அதிருப்திக் கடிதம் போயிற்று. அந்தக் கடிதம் கம்பெனிக்கு இலவச விளம்பரமாக முடிந்தது. தட்டுகள் பத்து லட்சத்திற்கு மேல் விற்றன. பணம் யாருக்குச் சேர்ந்தது? பாட்டுக்களில் பலவற்றை எழுதிய ஐஸ் கியூப் என்ற தோழர் பணத் தகராறினால் 1989இலேயே வெளியேறினார். 1991இல் டிரேயும் அதே காரணத்தால் வெளியேறினார். காது இருந்தது, உழைப்பு இருந்தது, பேரும் இருந்தது. இல்லாதது ஒன்றுதான், கையெழுத்துப் போட்ட காகிதத்தில் அவர்களுக்கு உரிய பங்கு இல்லை.

அதன் பின் மற்றொருவரோடு கூட்டுச் சேர்ந்து ‘டெத் ரோ’ என்ற கம்பெனி தொடங்கினார். 1992இல் ‘தி கிரானிக்’ என்ற தம் தொகுப்பையும், 1993இல் ஸ்னூப் டாக் என்பவரின் முதல் தொகுப்பையும் செய்து கொடுத்தார். இரண்டும் லட்சக்கணக்கில் விற்றன. ஆனால் அந்தக் கம்பெனியிலோ அடிதடியும் மிரட்டலும் நாளுக்குநாள் வளர்ந்தன. 1996இல் டிரே தம் பங்கையும் வேண்டாமென்று உதறிவிட்டு வெளியே வந்தார். பைத்தியக்காரன் என்று பலர் சொன்னார்கள். பிறகு நடந்ததென்ன? அந்தக் கம்பெனி 2006இல் திவாலாயிற்று. கூட்டாளி ஒரு மனிதரைக் கார் ஏற்றிக் கொன்ற வழக்கில் 2018இல் 28 வருஷ தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார்.

இரண்டு கம்பெனிகளும் டிரேக்கு இரண்டு பள்ளிக்கூடங்கள். முதலாவதில், பங்கில்லாத உழைப்பு கூலி வேலை என்று படித்தார். இரண்டாவதில், யாரோடு பங்கு என்பது முக்கியம் என்று படித்தார். 1996இல் ‘ஆப்டர்மாத்’ என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கியபோது, பணமும் கடைகளுக்கு அனுப்பும் வசதியும் உள்ள இன்டர்ஸ்கோப் என்ற பெரிய கம்பெனியோடு சேர்ந்தே தொடங்கினார். அதன் தலைவர் ஜிம்மி அயோவின், துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் தொழிலாளியின் மகன். ஒலிப்பதிவு அறையில் எடுபிடியாகத் தொடங்கி மேலே வந்தவர். டிட்ராய்ட் நகரத்து ஏழை வெள்ளைக்கார வாலிபரான எமினெமை 1998இல் டிரே சேர்த்துக்கொண்டபோது, கறுப்பர் பாட்டை வெள்ளையன் பாடுவதா என்று பலர் முகம் சுளித்தார்கள். டிரே தோலைப் பார்க்கவில்லை, நாக்கைப் பார்த்தார். 1999 முதல் அந்தத் தட்டுகள் உலகமெங்கும் விற்றன.

பாட்டு இலவசம், காதுக் கருவி விலைக்கு

இப்போது முக்கியமான இடத்திற்கு வருகின்றோம். அமெரிக்காவில் இசைத்தட்டு வியாபாரம் 1999இல் உச்சிக்குப் போய்ப் பிறகு சரியத் தொடங்கிற்று. கம்ப்யூட்டர் மூலம் ஜனங்கள் பாட்டைக் காசில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். பாடுகிறவன், இசை கட்டுகிறவன், தட்டு விற்கிறவன் எல்லோரும் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்த நேரத்தில் ஒருவர் டிரேயின் பெயரால் பூட்ஸ் விற்கலாம் என்று யோசனை சொன்னாராம். அயோவினோ, பூட்ஸ் எதற்கு, உமக்குத் தெரிந்தது ஒலி, ஒலிக் கருவியை விற்போம் என்றாராம். 2006இல் இருவரும் ‘பீட்ஸ்’ என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். 2008இல் முதல் ஹெட்போன் கடைக்கு வந்தது.

கணக்கைப் பாருங்கள். ஒரு இசைத்தட்டு ஏறக்குறைய 15 டாலர். அதையும் ஜனங்கள் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். ஹெட்போன் ஒன்று 300 டாலருக்கு மேல். அதைக் கம்ப்யூட்டரிலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ள முடியாது. 2008இல் பீஜிங் ஒலிம்பிக்குக்குப் போன அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களின் காதுகளில் அது ஏறிற்று. அந்தக் காரியத்தைச் செய்த லெப்ரான் ஜேம்ஸ் என்ற விளையாட்டு வீரரும், ஒரு நாள் விளம்பரக் கூலியோடு நிற்காமல், கம்பெனியில் சிறு பங்கு பெற்றிருந்தார். அவரும் விஷயம் தெரிந்தவர்தான்.

கடைசியில் 2014 மே மாதம் ஆப்பிள் கம்பெனி பீட்ஸை 300 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 260 கோடி ரொக்கம், 40 கோடி பங்கு. அதற்குள்ளாகவே டிரே ஒரு நண்பரோடு கொண்டாடி, ஹிப்-ஹாப் உலகின் முதல் நூறு கோடி டாலர்க்காரர் தாமே என்ற பேச்சு ஒரு படக்காட்சியாக ஊரெல்லாம் பரவிற்று. ஆனால் பணக்காரர் கணக்கெடுக்கும் ஃபோர்ப்ஸ் பத்திரிகை கணக்குப் போட்டுவிட்டு, அவ்வளவு இல்லை என்றது. அந்தப் பட்டத்தை அப்பத்திரிகை 2019இல் ஜே-ஸி என்ற வேறொருவருக்கே கொடுத்தது. அது எப்படியானாலும், முப்பது வருஷம் இசை கட்டிச் சம்பாதித்ததை ஹெட்போன் கம்பெனியின் பங்கு ஒரு வியாபாரத்தில் தாண்டிவிட்டது என்பதில் சந்தேகமில்லை. காது அவரைப் பேர்பெற்றவராக்கிற்று. பங்குதான் கோடீஸ்வரராக்கிற்று.

அந்தக் கருவியை முதலில் செய்துகொடுத்தது மான்ஸ்டர் என்ற வேறொரு கம்பெனி. அதன் ஒப்பந்தம் 2012இல் முடிந்தது. 300 கோடி வந்தபோது அதற்குப் பங்கில்லை. 2015இல் வழக்குப் போட்டுப் பார்த்தது, வெற்றி கிடைக்கவில்லை. ஒரு காலத்தில் ஒப்பந்தக் காகிதத்தில் ஏமாந்தவர் டிரே. இப்போது காகிதம் அவர் பக்கம் இருந்தது. சீனாவில் அந்த ஹெட்போனைக் கூட்டிப் பூட்டிய தொழிலாளிக்கோ, எந்தக் காகிதத்திலும் பேரே இல்லை. அவனும் உழைத்தான் வாலிபத் தோழரே!

புதிய சாமி வேண்டாம்

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். பணக்காரனானவுடன் மனிதனைச் சாமியாக்குவது ஜனங்களின் வழக்கம். 1991இல் ஒரு விருந்தில் டிரே ஒரு பெண் பத்திரிகையாளரை மிருகத்தனமாக அடித்தார். கோர்ட்டில் குற்றத்தை எதிர்த்து வாதாடவில்லை; அபராதமும் சமூக சேவையும் தண்டனையாகப் பெற்றார். வேறு பெண்களும் அவர்மேல் இதே குறை சொல்லியிருக்கிறார்கள். 2015இல் அவர்கள் குழுவின் கதை சினிமாவாக வந்தபோது இந்தச் சங்கதி அதில் இல்லை. அடிபட்ட பெண் அதைப் பகிரங்கமாக எழுதிய பிறகே, 24 வருஷம் கழித்து, தாம் துன்புறுத்திய பெண்களிடம் மன்னிப்புக் கேட்பதாக அவர் பத்திரிகைக்கு அறிக்கை கொடுத்தார். ஆப்பிள் கம்பெனியும் அவர் மாறிவிட்டதாக நம்புகிறோம் என்று கூடவே சொல்லிற்று. போலீஸ் அடித்ததைப் பாடிப் பேர் வாங்கியவர் ஒரு பெண்ணை அடித்தார் என்றால், இரண்டு அடியும் ஒன்றுதான் என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. மன்னிப்பை ஏற்பதும் ஏற்காததும் அடிபட்டவர்களின் உரிமை, ரசிகர்களின் உரிமையல்ல.

அவர் நல்லதும் செய்திருக்கிறார். 2013இல் அவரும் அயோவினும் சேர்ந்து தென் கலிபோர்னியா சர்வகலாசாலைக்கு 7 கோடி டாலர் கொடுத்தார்கள். 2017இல் காம்ப்டன் உயர்நிலைப் பள்ளியில் கலை அரங்கம் கட்ட 1 கோடி டாலர் தருவதாகச் சொன்னார். நல்ல காரியம். ஆனால் கணக்குப் பார்க்கும் பழக்கத்தை நாம் இங்கேயும் விடக்கூடாது. பணக்காரச் சர்வகலாசாலைக்கு 7, சொந்த ஊர்ப் பள்ளிக்கு 1. அன்றியும், ஒரு ஊர்க் குழந்தைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் வேண்டுமானால் அந்த ஊரில் ஒரு கோடீஸ்வரன் பிறந்து, அவனுக்கு மனமும் இரங்கவேண்டும் என்றிருப்பது ஒரு நியாயமா? தருமம் வேறு, உரிமை வேறு. தருமம் கொடுப்பவன் மனதைப் பொறுத்தது. உரிமை யார் மனதையும் பொறுத்ததல்ல.

என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

தலையெழுத்து என்று சொல்லுகிறவன் ஏழையைப் பார்த்து, “நீ பேசாமல் கிட” என்கிறான். உழைத்தால் எவனும் ஆகலாம் என்று சொல்லுகிறவன் ஏழையைப் பார்த்து, “நீ ஏழையாயிருப்பது உன் சோம்பேறித்தனம்” என்கிறான். முன்னதில் குற்றவாளி கடவுள். பின்னதில் குற்றவாளி ஏழையே. இரண்டிலும் தப்பித்துக்கொள்ளுகிறவன் ஒருவனே; அவன்தான் காகிதத்தைக் கையில் வைத்திருப்பவன். இதனால்தான் பழைய மூடநம்பிக்கையைக் கண்டு சிரிக்கும் வாலிபர்கள் புதிய மூடநம்பிக்கையில் விழாமலிருக்க வேண்டும் என்கின்றோம்.

ஒருவர் மேலே ஏறிவிட்டதால் எல்லோருக்கும் ஏணி இருக்கிறது என்று அர்த்தமல்ல. லாட்டரியில் ஒருவனுக்குப் பரிசு விழுந்ததைக் காட்டி மற்றவர்களிடம் சீட்டு விற்பதும், ஒரு டிரேயைக் காட்டி லட்சம் வாலிபர்களைக் குறைந்த கூலிக்குப் பாட வைப்பதும் ஒரே வியாபாரந்தான்.

ஆகவே தோழர்களே! டிரேயிடம் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வித்தையைப் பழுதில்லாமல் செய்யுங்கள். கையெழுத்துப் போடுமுன் காகிதத்தைப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் படித்தவனைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கூலி எவ்வளவு என்பதோடு நில்லாமல், பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். தனியாகக் கேட்டால் விரட்டுவார்கள். பத்துப் பேராகச் சேர்ந்து கேளுங்கள். ஒரு கோடீஸ்வரன் கதையை யாராவது சொன்னால், “அவன் எப்படி உயர்ந்தான்?” என்று மட்டும் கேட்காமல், “அவனோடு சேர்ந்து உழைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது?” என்று கேளுங்கள்.

அந்த டீக்கடை வாலிபரை மறுபடி சந்தித்தால் நாம் சொல்லப்போவதும் இதுதான். ஹெட்போனைத் தாராளமாக மாட்டிக்கொள்ளுங்கள், தோழரே. ஆனால் அதைக் கழற்றிய பிறகாவது இந்தக் கேள்வி உங்கள் காதில் கேட்கட்டும்.